நெடுமுள் தந்த பச்சை முத்திரை

ஒரு காட்டில் இணைய வசதி இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

அறவே இல்லை என்று சொன்னால் பிழை. கோடை முற்றியதும் ஓடைகள் வற்றின, சுனைகள் வற்றின, நாணல் சூழ்ந்த ஒரு குளம் மட்டும் மிஞ்சியது. எல்லா விலங்குகளும் அங்கேதான் தண்ணீர் குடித்தன. புலியும் அங்கேதான் குடித்தது. குடித்து முடித்த பிறகும் அது எழுந்து போவதில்லை என்பதுதான் சிக்கல்.

முன்பெல்லாம் புலி வருவதைக் குரல் கொடுத்துத் தெரிவிப்பது வழக்கம். மந்தி இருமும், அதைக் கேட்டு மான் கத்தும், மானைக் கேட்டு மயில் அகவும். இதற்கு அந்தக் காட்டில் ஒரு மரபு இருந்தது. கேட்ட செய்தியைக் கேட்டபடியே அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அழகு பார்க்கக் கூடாது. முன்னொரு தலைமுறையில் ஒரு மைனா அதைக் கொஞ்சம் இனிமையாக்கிச் சொல்லப் போய், ஒரு மான் கூட்டம் நிதானமாக ஓடியது. அதற்குப் பிறகு மரபு இறுகிவிட்டது.

பிறகு எல்லா விலங்குகளும் கைபேசி வாங்கின. காலில் பிடிப்பதைக் கைபேசி என்று சொல்வது முறையா என்று நெடுமுள் என்ற முள்ளம்பன்றி கேட்டது. நெடுமுள் கேட்கும் கேள்விகளுக்குப் பொதுவாக யாரும் பதில் சொல்வதில்லை.

இலவ மரத்துப் பொந்தில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி குடியிருந்தது. இணையப் பக்கம் அமைக்கும் வேலையை அது அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது. நாள் முழுவதும் தட்டிக்கொண்டே இருப்பது பரம்பரைப் பழக்கம் என்பதால் பாடம் சீக்கிரம் வந்தது. முதலில் 'வணக்கம்' என்று மட்டும் காட்டும் ஒரு பக்கம் செய்தது. காடு அதைப் பார்த்து, பதிலுக்கு வணக்கம் சொல்ல வழியில்லாமல் திரும்பிப் போனது. அதைக் கண்ட பிறகுதான், பார்க்க வருபவர்களும் எழுதக்கூடிய பக்கம் ஒன்று வேண்டும் என்று செங்கொண்டைக்குத் தோன்றியது.

அந்தப் பக்கத்துக்குக் குளக்கரைப் பலகை என்று பெயர். மேலே எழுத ஒரு பெட்டி. அதன் அருகில் 'அனுப்பு' என்று ஒரு பொத்தான். பெட்டியில் எழுதிப் பொத்தானை அழுத்தினால், எழுதியது பெட்டிக்குக் கீழே, பழைய வரிகளுக்கு மேலே வந்து நிற்கும். காடு முழுவதும் படிக்கலாம். முதல் முறை பலகை பெயரைக் கேட்கும். அடுத்த முறை அதுவே நினைவு வைத்துப் போட்டுக்கொள்ளும். பெயருக்குக் கீழே, எழுதிய இடம் பொடி எழுத்தில் வரும். அதை யாரும் எழுத வேண்டியதில்லை, கைபேசியே சொல்லிவிடும். செங்கொண்டைக்கு இந்தப் பொடி எழுத்தில்தான் பெருமை அதிகம்.

திறந்த அன்றே ஆந்தை ஒன்றும் எழுதாமல் 'அனுப்பு' என்று அழுத்தியது. பலகையில் ஆந்தையின் பெயர் மட்டும் வந்து நின்றது. கரடி தன் வாழ்வில் எடுத்த எல்லாத் தேனடைகளையும் பற்றி எழுதியது. குரங்கு, பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக அழுத்தியது. மறுபடியும் அதேதான் ஆகிறதா என்று பார்ப்பதற்காக மறுபடியும் அழுத்தியது. சாயங்காலம் வரை அதேதான் ஆனது.

செங்கொண்டை உட்கார்ந்து மூன்றையும் சரிசெய்தது. வெறும் பெட்டியை ஏற்பதில்லை. நீளத்துக்கு ஓர் எல்லை. ஒரு முறை அழுத்திய பொத்தான் சற்று நேரம் மங்கிக் கிடக்கும். புதிதாகப் பக்கம் அமைக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கற்கிறார்கள். ஆந்தையும் கரடியும் குரங்கும் வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும்.

அதன் பிறகு பலகை உண்மையாகவே பயன்பட்டது. யாரைவிடவும் சிற்றடிக்கு அது பயன்பட்டது.

சிற்றடி ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருக்கும். அதற்கு அந்தக் கோடையில் ஒரு குட்டி பிறந்திருந்தது. தாய் தண்ணீர் குடித்தால்தான் குட்டிக்குப் பால். சிற்றடி குட்டியோடு மூங்கில் மேடு வரை வரும். அதற்கு அப்பால் குளம் வரை ஒளிந்துகொள்ள ஒரு செடி கிடையாது. மேட்டில் நின்று பலகையைப் பார்க்கும். 'புலி நாணலுக்குள் படுத்திருக்கிறது' என்று மந்தி எழுதியிருந்தால் திரும்பிவிடும். 'புலி மலைப்பக்கம் போகிறது' என்று இருந்தால் இறங்கி, குடித்து, ஓடி வந்துவிடும். குட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போது மயில் ஒருநாள் தன் பெயரைப் புது விதமாக எழுதியது. எங்கோ கேட்டுவந்த சொற்களைக் கோணக்குறிகளுக்குள் போட்டு, நடுவில் பெயரை வைத்து அனுப்பியது. கோணக்குறி என்பது, இது பெரியது அது சிறியது என்று காட்டக் கணக்கில் போடும் குறி. பலகையில் மயிலின் பெயர் பச்சையும் நீலமுமாக மின்னி, இடமிருந்து வலமாக நடந்து போனது. காடே கூடி நின்று பார்த்தது. நெடுமுள்ளும் பார்த்தது. பார்த்துவிட்டு இலவ மரத்தடிக்கு வந்தது.

"ஏம்மா செங்கொண்டை, இந்தப் பேரு ஏன் நடக்குது?"

"மயிலண்ணன் அப்படி எழுதியிருக்காரு."

"எழுதினா நிக்கணும். நடக்குதுன்னா அது எழுத்தில்ல, கட்டளை. கோணக்குறிக்குள்ள இருக்கிறத, பக்கத்தைத் திறந்து காட்டற உலாவி படிச்சுக் காட்டாது, அது சொன்னபடி செஞ்சுடும். இன்னிக்கு ஒருத்தன் பேரை நடக்க வச்சான். நாளைக்கு இன்னொருத்தன் எதை நடக்க வைப்பானோ."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க, அண்ணே?"

"யாராவது கோணக்குறி போட்டா, அதைக் காட்டறதுக்கு முன்னாடி வெறும் குறியா மாத்திடு. குறி குறியாத் தெரியும், வேலை செய்யாது. உனக்கு ஒரு வரி வேலை."

"அடுத்தவங்க சொன்னதை மாத்தச் சொல்றீங்களா?"

"குறியைத்தானேம்மா மாத்தச் சொல்றேன்."

"மைனாவும் அப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும்."

நெடுமுள் சொன்னது முழுவதும் சரி. ஆனால் சரியானதைச் சொல்லும்போதெல்லாம் அது முதுகு முட்களை விரித்துக்கொள்ளும். அதனால் பக்கத்தில் நின்று கடைசி வரை கேட்க யாராலும் முடிந்ததில்லை. செங்கொண்டையும் மேல்கிளைக்குப் போய்விட்டது.

இதே நேரத்தில் நாணலுக்குள் புலியும் நரியும் பேசிக்கொண்டிருந்தன. இந்த இரண்டுக்கும் கதைகளில் பெயர் வைப்பதில்லை. செய்யும் வேலையே போதுமான அடையாளமாக இருக்கிறது.

"படுத்துப் படுத்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஒரு ஜீவன் இந்தப் பக்கம் வரல. எல்லாரும் வேற காட்டுக்குப் போயிட்டாங்களா?" என்றது புலி.

"இங்கேதான் இருக்காங்க, ஐயா. நீங்க இருக்கீங்களான்னு போன்ல பார்த்துட்டு வர்றாங்க."

"என்னைப் பத்தியா எழுதறாங்க?"

"வேற எதைப் பத்தியும் எழுதறதில்ல."

புலிக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. தனக்கும் ஒரு கணக்கு தொடங்கித் தரச் சொன்னது. பலகை பெயர் கேட்டது.

"வேற ஏதாவது பேரு போட்டுக்கலாங்களா, ஐயா?" என்றது நரி.

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

பெயர் 'புலி' என்றே பதிவானது. பிறந்ததிலிருந்து அதற்கு வேறு யாராகவும் நடிக்க வேண்டிய தேவை வந்ததில்லை.

புலி சாப்பிடாவிட்டால் நரிக்கு மிச்சம் கிடையாது. ஆகவே நரி யோசித்தது. மயிலின் பெயர் பலகையில் ஒன்பதாவது சுற்று நடந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் அதற்கு வழி கிடைத்துவிட்டது.

"ஐயா, நான் ஒரு குறிப்பு போடறேன். வெளியில 'வணக்கம்'னு மட்டும்தான் தெரியும். உள்ள கோணக்குறியில ஒரு கட்டளை இருக்கும். யார் பலகையைத் திறந்தாலும் அவங்க பேர்லயே ஒரு வரி எழுதி அனுப்பிடும். அவங்க பொத்தானைத் தொடக்கூட வேண்டாம்."

"என்ன வரி?"

"'குளத்தில் புலி இல்லை. நானே பார்த்தேன். பயப்படாமல் வாருங்கள்.'"

"யார் பேர்ல?"

"திறக்கிற எல்லார் பேர்லயும்."

புலி மீசையைத் தடவிக்கொண்டது. நரி குறிப்பை அனுப்பியது. அனுப்பிய கையோடு தன் கைபேசியை அணைத்துவிட்டது. இப்படிப்பட்டதை எழுதியவர் தாமே அதைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் அடிப்படை. புலிக்கு அதைச் சொல்லிவைக்க நரிக்குத் தோன்றவில்லை.

முதலில் கரடி பலகையைத் திறந்தது. கீழே தன் பெயரில் ஒரு வரி நிற்பதைக் கண்டு திகைத்தது.

"நான் எப்ப குளத்துக்குப் போனேன்?" என்று மனைவியைக் கேட்டது.

"உங்க பேருதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்பப் போயிருப்பீங்க."

கரடிக்கு அது நியாயமாகப் பட்டது. ஆந்தை திறந்தது, மந்தி திறந்தது, மயில் திறந்தது. ஒவ்வொன்றின் பெயரிலும் அதே வரி வந்து அடுக்கடுக்காக நின்றது. வழக்கமாகப் பலகையில் யாரும் யாரோடும் ஒத்துப்போனதில்லை. அன்று காடு முழுவதும் ஒரே கருத்தாக இருந்தது.

சிற்றடி மூங்கில் மேட்டுக்கு வந்தபோது குட்டிக்கு முந்தின நாளிலிருந்தே பால் போதவில்லை. குட்டி மடியை முட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லாததால் விலகி நின்றது. சிற்றடி பலகையைத் திறந்தது. புலி இல்லை என்று கரடி எழுதியிருந்தது. மந்தி எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாகச் சிற்றடியும் எழுதியிருந்தது.

'குளத்தில் புலி இல்லை. நானே பார்த்தேன். பயப்படாமல் வாருங்கள். சிற்றடி. எழுதிய இடம்: மூங்கில் மேடு.'

தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்பது சிற்றடிக்குத் தெரியும். ஆனால் இத்தனை பேர் பார்த்திருக்கும்போது தான் ஒருத்தி பார்க்காதது பெரிய குறையாகத் தெரியவில்லை. தாகமும் இருந்தது.

"நான் போயிட்டு வந்துடறேன். இந்த மூங்கிலை விட்டு நகராதே," என்று குட்டியிடம் சொல்லிவிட்டு மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கியது.

நாணலுக்குள் புலி காத்திருந்தது. காத்திருப்பது அலுப்பான வேலை. தன் ஏற்பாடு எப்படிப் போகிறது என்று பார்க்க அதற்கும் ஆசை வந்தது. பலகையைத் திறந்தது. வரிசையாக நின்ற பெயர்களைப் படித்து மகிழ்ந்தது. தன் பெயர் வந்து உச்சியில் ஏறியதை அது கவனிக்கவில்லை.

சிற்றடி கவனித்தது. வெட்டவெளியில் கால் வைக்கும் முன், எச்சரிக்கைக்கு என்று இன்னொரு தரம் பார்த்தது.

'குளத்தில் புலி இல்லை. நானே பார்த்தேன். பயப்படாமல் வாருங்கள். புலி. எழுதிய இடம்: குளக்கரை, நாணற்புதர்.'

சிற்றடி ஓடவில்லை. ஓடினால் சத்தம் கேட்கும். வைத்த கால்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்து மேடு ஏறி, குட்டியை முன்னால் விட்டு நடந்தது.

செய்தி பரவியதும் காடு சிரித்தது. புலி வெட்கப்பட்டு மலைப்பக்கம் போனது. அது போவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு எல்லாம் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தன. சிற்றடி நன்றாகக் குடித்தது. நரி மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. அங்கே கணினி வகுப்பு எடுப்பதாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் இலவ மரத்தடியில் கூட்டம். நெடுமுள் எல்லா முட்களையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றது. மற்றவை தள்ளி வட்டமாக நின்றன.

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றது நெடுமுள்.

செங்கொண்டை தலையைக் குனிந்துகொண்டு, கோணக்குறியை வெறும் குறியாக மாற்றும் அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்தது. மயிலின் பெயர் நடப்பதை நிறுத்தி, கறுப்பு எழுத்தில் கோணக்குறிகளோடு அப்படியே நின்றது. மயில் அன்றோடு பலகைக்கு வருவதை விட்டது.

"அடுத்தது, எழுதிய இடம். அதையும் எடுத்துடு," என்றது நெடுமுள்.

"அதையுமா? அதாலதானே நேத்து..." என்று சிற்றடி ஆரம்பித்தது.

"குட்டி போட்டவ நீ. நீ எந்த மேட்டுல நிக்கறேன்னு ஊருக்கே தெரியலாமா? அந்தரங்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

அதுவும் சரிதான். பொடி எழுத்து போனது.

"அண்ணே, ஒரு சந்தேகம். இனிமே புலி வந்து பொய் எழுதினா?" என்றது சிற்றடி.

"எழுதட்டுமே. அது வெறும் எழுத்தாத்தான் நிக்கும். கட்டளையா ஓடாது."

"பொய்தானே அது?"

"பொய்யா இருக்கலாம். ஆனா பாதுகாப்பான பொய்."

நெடுமுள் பலகையை மேலும் கீழும் சோதித்துவிட்டு, அதன் உச்சியில் பச்சை நிறத்தில் வட்டமாக ஒரு முத்திரையை வைத்தது. 'இப்பக்கம் பாதுகாப்பானது. சான்று: நெடுமுள்.' யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக அதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. கடவுச்சொல்லை வேறு யாருக்கும் சொல்லவில்லை. அதுவும் முறைதான்.

வெட்கம் பசியைவிட அதிக நாள் தாங்குவதில்லை. புலி திரும்பி வந்து நாணலில் படுத்தது. மந்திகள் அதைக் கவனிக்கவில்லை. பலகையில் பச்சை முத்திரை வந்த பிறகு மரத்தின் உச்சியில் உட்கார்ந்து பார்ப்பது தேவையற்ற வேலையாகிவிட்டது.

உதவிக்கு நரி இல்லை. கட்டளை எழுதப் புலிக்குத் தெரியாது. கனத்த விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிப் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கியது. பெயர் கேட்டபோது இந்த முறை யோசித்தது. குளத்திலேயே குடியிருக்கும் நீர்க்கோழி தண்ணீரில் நனையும் என்று பயந்து கைபேசியே வாங்கியதில்லை. அந்தப் பெயர் சும்மா கிடந்தது.

'குளத்தில் புலி இல்லை. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. நீர்க்கோழி.'

சிற்றடியும் குட்டியும் மூங்கில் மேட்டில் நின்று இதைப் படித்தன. வரியில் கோணக்குறி எதுவும் இல்லை. பிழையும் இல்லை. மேலே முத்திரை பச்சையாக ஒளிர்ந்தது. அந்த நேரத்தில் நெடுமுள்ளும் நாக்கு வறண்டு அங்கே வந்து சேர்ந்தது.

"என்னம்மா, இன்னும் இறங்கலியா?"

"பயமா இருக்குண்ணே."

"பலகையைப் பார்த்தியா?"

"பார்த்தேன். நீர்க்கோழி எழுதியிருக்கு."

"அப்புறம் என்ன பயம்? முத்திரை இருக்கா?"

"இருக்கு. உங்க பேரும் இருக்கு."

"நானே சோதிச்சது. ஒரு ஓட்டை கிடையாது."

"அப்ப நீங்க முன்னாடி போங்கண்ணே," என்றது சிற்றடி பணிவாக. "நான் குட்டியைக் கூட்டிக்கிட்டு மெதுவா பின்னாடி வர்றேன்."

நெடுமுள்ளுக்கு இந்த மரியாதை பிடித்திருந்தது. வழக்கமாக யாரும் அதை எதிலும் முன்னால் விட்டதில்லை. முட்கள் கலகலக்க மேட்டிலிருந்து இறங்கி, வெட்டவெளியைக் கடந்து, தண்ணீரில் வாய் வைத்தது.

நாணல் அசைந்தது. பிறகு ஒரு பெரிய சத்தமும், அதைவிடப் பெரிய இன்னொரு சத்தமும் கேட்டன. முதலாவது உறுமல். இரண்டாவது, உறுமலைப் போலவே தொடங்கி வேறு விதமாக முடிந்தது.

சிற்றடி குட்டியை மூங்கிலுக்குள் தள்ளி, தானும் உள்ளே போய் அசையாமல் நின்றது. நாணலுக்குள் புலி இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியவில்லை. குட்டி மறுபடியும் மடியை முட்டியது. வேறு வழியில்லாமல் சிற்றடி பலகையைத் திறந்தது. உச்சியில் ஒரு புதிய வரி இருந்தது.

'வாய் முழுக்க முள் தைத்துவிட்டது. நாக்கிலும் இருக்கிறது. நல்ல வைத்தியர் யாராவது இருந்தால் உடனே சொல்லவும். எவ்வளவு தூரமானாலும் நடந்து வருகிறேன். நீர்க்கோழி.'

முள்ளம்பன்றியைக் கடிக்கும் அளவுக்கு வாய் படைத்த நீர்க்கோழி அந்தக் காட்டில் இல்லை என்பது சிற்றடிக்குத் தெரியும். வாய் நிறைய முள்ளோடு யாரும் யாரையும் கடிப்பதில்லை என்பதும் தெரியும். அது பெட்டியில் நிதானமாகப் பதில் எழுதியது.

'மலை உச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார். கணினி வகுப்பும் எடுக்கிறார். போய்ச் சேரும் வரை வாயைத் திறக்கக் கூடாது. சிற்றடி.'

கொஞ்ச நேரத்தில் நாணலை விலக்கிக்கொண்டு, வீங்கிய முகத்தோடு புலி எழுந்து மலையைப் பார்த்து நடந்தது. வழியில் கொக்கைக் கண்டு ஏதோ சைகை காட்டியது. கொக்கு பறந்துவிட்டது. அதன் குடும்பத்தில் இது போன்ற வைத்தியம் பார்த்த பழைய அனுபவம் ஒன்று உண்டு.

சிற்றடி குட்டியோடு குளத்தில் இறங்கி, வயிறு கொள்ளுமட்டும் குடித்தது. கரையில் சில முட்கள் மட்டும் கிடந்தன. குட்டி அவற்றை முகரப் போனபோது, "அது பெரியவரோடது, தொடாதே," என்றது.

செங்கொண்டை நெடுமுள்ளின் முடிவைக் கேட்டு வருந்தி, பலகையிலிருந்து அந்த முத்திரையை எடுத்துவிடப் பார்த்தது. பலகை கடவுச்சொல் கேட்டது. அது நெடுமுள்ளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அதனால் குளக்கரைப் பலகை இன்றும் பாதுகாப்பானது.

நீதி: ஓர் இணையப் பக்கம் பாதுகாப்பானது என்று யாராவது சான்று கொடுத்தால், முதலில் அவரைத் தண்ணீர் குடிக்க அனுப்புங்கள்.